இரவல் நாயகனும் சொந்த வில்லனும்

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானியக் கடைகளுக்கு கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வந்தது. கூடவே அதில் ஆடும் சூப்பர் மாரியோ லேண்ட் விளையாட்டும் வந்தது. இரண்டையும் உருவாக்கியது நிண்டெண்டோ நிறுவனத்தில் குன்பேய் யோகோய் தலைமையில் இயங்கிய ஆர் அண்ட் டி 1 குழு. மாரியோ பாத்திரத்தைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ இருந்ததோ வேறு குழுவில். அவர் கைபடாமலே அந்த விளையாட்டு நாளடைவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. இரண்டாம் பாகத்தைத் தொடங்கியபோதுதான் சிக்கல் முளைத்தது.

முதல் பாகம் மொத்தமே 64 கிலோபைட். திரையில் மாரியோ எறும்பளவே தெரிந்தான். கருவியை அணைத்தால் அதுவரை ஆடியதெல்லாம் வீண். இரண்டாம் பாகத்தைத் தாங்கிய புதிய கார்ட்ரிட்ஜில் இடம் எட்டு மடங்கானது; ஆட்டத்தைச் சேமித்து வைக்க உள்ளே ஒரு வட்ட பாட்டரியும் ஏறியது. மாரியோ வளர்ந்தான். பூசணிப் பேய்கள், விண்வெளி, திமிங்கிலத்தின் வயிறு என்று உலகமும் விரிந்தது. எல்லாம் கூடி வந்தும் குழுவுக்குள் ஒரு மனக்குறை புகைந்தது.

இயக்குநர்களில் ஒருவரான ஹிரோஜி கியோடகே, இதே குழு உருவாக்கிய மெட்ராய்டு விளையாட்டின் நாயகி சாமுஸை வரைந்தவர். அப்படிப்பட்ட கைகள் இப்போது அடுத்தவர் படைத்த பாத்திரத்துக்காக உழைக்க வேண்டியிருந்தது. அது பிடிக்கவில்லை என்பதை அவரும் இணை இயக்குநர் தகேஹிகோ ஹோசோகாவாவும் பின்னாளில் பேட்டியிலேயே சொன்னார்கள். அந்தக் கசப்பை அவர்கள் விளையாட்டுக்குள்ளேயே கொட்டினார்கள்.

கடத்தப்படும் இளவரசி இந்தக் கதையில் இல்லை. மாரியோ ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவன் கோட்டையையே ஒருவன் பிடித்துக்கொண்டான். கதவைத் திறக்கும் ஆறு தங்க நாணயங்களும் அவன் அடியாட்களின் காவலில் இருந்தன. கார்ட்டூன் நாயகன் பாப்பாய்க்கு ஒரு புளூட்டோ போல மாரியோவுக்கு ஒரு எதிராளி: பருத்த உடல், கோணல்மாணலான மீசை, தொப்பியில் தலைகீழான ‘எம்’. 1992 அக்டோபர் 21 அன்று சூப்பர் மாரியோ லேண்ட் 2 வெளியானது. ஆறு நாணயங்களையும் சேர்த்துக் கோட்டைக்குள் நுழைந்தவர்கள் அவனை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அவன்தான் வாரியோ!

விளையாட்டு 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. அதைவிடப் பெரிய திருப்பம் 1994-இல் காத்திருந்தது. மூன்றாம் பாகத்தில் நாயகன் வாரியோ; மாரியோ கடைசியில் தலைகாட்டிவிட்டுப் போனான். கோட்டையைப் பறித்தவன் தொடரையே பறித்துக்கொண்டான்.

2023 முதல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியிலும் இரண்டாம் பாகத்தை ஆடலாம். ஆனாலும் சேகரிப்பாளர்கள் அசலைத் தேடுகிறார்கள். வெறும் கார்ட்ரிட்ஜ் எளிதில் கிடைக்கும். குழந்தைகள் கிழித்தெறிந்த அட்டைப்பெட்டிதான் அரிது. உள்ளிருக்கும் பாட்டரி செத்தால் பழைய சேமிப்பும் போய்விடும். அதனால் கார்ட்ரிட்ஜைத் திறந்து புது பாட்டரி பற்றவைக்கிறார்கள். ஆட்டத்தில் தோற்ற பிறகு வரும் திரையை இரண்டரை நிமிடம் அப்படியே விட்டால், இசையமைப்பாளர் கஸுமி தொடகா ஒளித்துவைத்த குட்டி மெட்டு ஒலிக்கும். அடுத்தவர் நாயகனுக்காக வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய வேலையில் அந்தக் குழு தன் முத்திரையை இத்தனை இடங்களில் பதித்திருக்கிறது. அந்தப் பிடிவாதம்தான் முப்பது ஆண்டுகள் கழித்தும் இந்தக் கார்ட்ரிட்ஜைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற வைக்கிறது.