பிரசவ சன்னியும் செந்நிற மருந்தும்

மகப்பேற்றில் உயிர்நீத்த தாய் ஷஹீதின் பதவி எய்துவாள் என்பது கல்முனைக் கரையோர முஸ்லிம் மக்களின் நம்பிக்கை. அத்தகைய மரணங்களுக்கு உலகெங்கும் ஒரு பெருங்காரணமாய் இருந்தது பிரசவ சன்னி. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர் கைகழுவுதலால் அதனைக் குறைத்தார். 1879இல் பாஸ்டர் அதன் கிருமியாகிய ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சுட்டிக்காட்டினார். ஆயினும், நோயுற்ற தாயைக் காக்க மருந்தில்லை.

1935இல் ஜெர்மனியில் டோமாக், புரொன்டோசில் என்னும் செஞ்சாயத்தின் ஆற்றலை வெளியிட்டார். மறு ஆண்டு, லண்டன் குயின் சார்லட் மருத்துவமனையில் கோல்புரூக்கும் கென்னியும் அதனை 38 தாய்மாருக்கு அளித்ததில் மூவரே மாண்டனர். முன்னரோ ஏறத்தாழ நால்வருள் ஒருவர் மாண்டனர். நோயின் வேகமே தணிந்திருக்கலாமோ எனக் கோல்புரூக் ஐயுற்றதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அந்நேர்மையே ஆராய்ச்சிக்கு அணி.

மாண்ட தாய்க்கு மறுமையில் உயர்பதவி உண்டு. ஆயினும் அவள் பிழைத்தெழுந்து தன் மகவுக்குப் பாலூட்டுதற்கு மருத்துவமாதின் தூய கையும் மருந்தும் ஒருங்கே வேண்டும்.