ஓஹரியும் பங்கும்: தறவாட்டிலிருந்து தனியார் நிறுமம் வரை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் மலையாளமும் தமிழும் அருகருகே புழங்குகின்றன. குடும்பச் சொத்தில் ஒருவருக்குரிய கூற்றையும் நிறுமத்தில் ஒருவருக்குரிய கூற்றையும் இரு மொழிகளும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. மலையாளத்தில் அது ‘ஓஹரி’: தலைக்கணக்கில் பிரிப்பது ‘ஆளோஹரி’, பங்குச்சந்தை ‘ஓஹரி விபணி’. தமிழில் பங்காளியும் பங்குச்சந்தையும் ‘பங்கு’ என்னும் ஒரே சொல்லடியில் பிறந்தவை. சொல் ஒன்றாயினும் சட்டம் அவற்றுக்குத் தரும் பொருள் வேறு.

திருவிதாங்கூரின் மருமக்கள்வழித் தறவாட்டில் சொத்து அனைவருக்கும் பொது. நிர்வாகம் மூத்த ஆணான காரணவரிடம். அனந்தரவர் எனப்பட்ட இளையோர் உணவும் உடையும் கேட்கலாம். முறையற்ற விற்பனையை எதிர்த்து வழக்காடலாம். ஆனால் அனைவரும் இசைந்தாலன்றிப் பங்கைப் பிரித்துக் கேட்க இயலாது, பிறருக்கு விற்கவும் இயலாது. ஒருவர் இறந்தால் அவர் உரிமை எஞ்சியோருக்கே சேரும். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒருவருக்குப் பத்தில் ஒன்று என்பது ஏட்டுக்கணக்கு மட்டுமே. ஒரு குழந்தை பிறந்தால் அதுவும் பதினொன்றில் ஒன்றாகச் சுருங்கும். வெளியேற வழியில்லாத பங்குக்கு விலை இல்லை.

1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தனிநபர் பாகப்பிரிவினைக்கு வழிதிறந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் 1926இல் வந்தது. அச்சமூகத்து மருமக்கள்வழியின் அவலங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் முன்னரே எள்ளலுடன் பாடியிருந்தார். தலைக்கணக்குப் பிரிவினையில் ஆறு மக்களைப் பெற்ற சகோதரியின் கிளைக்கு ஏழு பங்கு, அவள் தம்பிக்கு ஒரு பங்கு. அவன் மக்கள் தம் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். எனினும் அந்த ஒரு பங்கு இப்போது அளந்து, எல்லைக்கல் நட்டுப் பெறக்கூடிய நிலமாயிற்று.

1956 ஜூன் 17இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒரு கற்பனைப் பிரிவினையைப் புகுத்தியது. தறவாட்டு உறுப்பினர் இறந்தால், அதற்குச் சற்று முன்பு தலைக்கணக்கில் பிரித்திருந்தால் கிடைத்திருக்கும் பங்கு அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். அதே ஆண்டு நவம்பர் 1இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்திலும் அமைந்தன. 1976 டிசம்பர் 1 முதல் கேரளம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. அந்நாளில் ஒவ்வொருவர் பங்கும் உறைந்து தனியுரிமையானது. பின்னர்ப் பிறந்தோருக்குப் பிறப்புரிமை இல்லை. அச்சட்டம் பாறசாலையோடு நின்றது, களியக்காவிளைக்கு வரவில்லை.

இவ்வாறு படிப்படியாகப் பெற்ற வெளியேறும் உரிமை, குடும்ப நிலத்தை ஒரு தனியார் நிறுமத்தின் பெயருக்கு மாற்றும்போது மறைந்துவிடுகிறது. பங்குதாரருக்கு நிறுமத்தின் சொத்தில் நேரடி உரிமை இல்லை என்று பச்சா குஸ்தர் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் நிலத்தில் பத்தில் ஒன்றைப் பிரித்துக் கேட்க முடியாது. தனியார் நிறுமம் பங்கு மாற்றத்தைத் தன் அமைப்பு விதிகளில் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பதும் சட்டம். வாங்குவோர் பெரும்பாலும் உறவினரே. ஈவுத்தொகை அறிவிப்பதும் பெரும்பான்மையின் கையில். அதனால் நிலமதிப்பில் பத்தில் ஒன்றைக் காட்டிலும் அப்பங்கின் விலை பெரிதும் குறைகிறது.

வாய்மொழி உடன்பாடும் இங்கு உதவாது. ஒரு குடும்ப நிறுமத்தின் இரு கிளைகளும் தத்தம் பங்குகளைக் கிளைக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகச் செய்த ஏற்பாடு, அமைப்பு விதிகளில் இடம்பெறாததால் கட்டுப்படுத்தாது என்று ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே நிறுமம் தொடங்கும் குடும்பம் மதிப்பிடும் முறை, மதிப்பீட்டாளரை நியமிப்பவர், சிறுபான்மைக்குத் தள்ளுபடி உண்டா, பணம் தரவேண்டிய கெடு ஆகியவற்றை அமைப்பு விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும். அவை இல்லாத நிறுமத்தில் சிறுபங்குக்காரர் 1925க்கு முந்தைய அனந்தரவர் நிலைக்கே திரும்புகிறார், இயக்குநர் காரணவராகிறார். ஒரு வகையில் அவர் நிலை இன்னும் தாழ்ந்தது: அனந்தரவருக்குத் தறவாடு சோறிட்டாக வேண்டும், பங்குதாரருக்கு அந்தக் கடப்பாடும் இல்லை.