மாறும் ஒளியில் ஒளிச்சேர்க்கையும் கரியமில வாயுவும்

மழைக்காட்டின் தரைமட்டச் செடிகள் பெரும்பாலும் நிழலில் வாழ்பவை. மேல்கிளைகளின் இடைவெளியில் சில நொடிகளோ சில நிமிடங்களோ விழும் வெயில்திட்டுகளே அவற்றின் அன்றாட ஒளி வரவில் பெரும்பங்கு.

வெயில் பட்டவுடன் இலை முழு வேகத்தில் இயங்கிவிடாது. கரியமில வாயுவைப் பிணைக்கும் ரூபிஸ்கோ நொதி நிழலில் ஓரளவு செயலற்றுக் கிடக்கும். அதை விழிக்கச் செய்யச் சில நிமிடங்கள் ஆகும். இலைத்துளைகள் திறப்பது இன்னும் மெதுவாக நடக்கும். இலை முழு வேகத்தை எட்டப் பல செடிகளில் 10 முதல் 30 நிமிடம் வரை தேவை. அதற்குள் திட்டு நகர்ந்துவிடுவதும் உண்டு.

காற்றில் கரியமில வாயு கூடினால் இந்தத் தடை தளர்கிறது. துளை பாதியே திறந்திருந்தாலும் போதிய வாயு உள்ளே புகும். ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பற்றுவதால் நேரும் ஒளிச்சுவாச இழப்பும் குறையும். போர்னியோக் காட்டின் சோரியா லெப்ரோசுலா மர நாற்றுகளில், சீரான ஒளியில் கிடைத்ததைவிட வெயில்திட்டுகளின் கீழ் கூடுதல் வாயுவால் கிடைத்த ஆதாயம் விகிதத்தில் அதிகமாக இருந்தது. சீரான விளக்கொளியில் மட்டும் எடுத்த அளவீடுகளை அப்படியே காட்டுக்குப் பொருத்துவது, ஆகவே, சரியல்ல.

தொழில்மயத்துக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. காட்டைத் தாண்டி வயல்களைப் பார்த்தால், நெல், கோதுமை போன்ற சி3 பயிர்களுக்கே இதன் நேரடிப் பயன் மிகுதி. வாயுவை உள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் மக்காச்சோளம், கரும்பு போன்ற சி4 பயிர்களுக்குக் குறைவு. மண்ணில் நைட்ரஜன் போதாவிட்டால் சி3 பயிர்களிலும் ஆதாயம் சுருங்கும்.