வேப்பிலையும் அம்மைப்பாலும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலே, ஒரு காலத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகிய வீட்டைக் கண்டால் தெருவிற் செல்வோர் ஒதுங்கி நடப்பர். அவ்வீட்டுக் குழந்தைக்கு அம்மாள் வந்திருக்கிறாள் என்பது அதன் பொருள். அதனை நோய் என்று சொல்லுதல் தகாது. மருந்து என்ற பேச்சே எழலாகாது. வந்தவள் தானாக இறங்கும் வரை வேப்பிலையும் மஞ்சளும் இளநீருமே பரிகாரம். நகரின் தென்புறத்தே வெள்ளவத்தையில், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்து குடியேறிய குடும்பங்களும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானவையல்ல. கொட்டாஞ்சேனையார் முத்துமாரியை வேண்டினர்; வெள்ளவத்தையார் ஊரிலுள்ள கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தனர். சிங்கள மக்களோ இதே நோயைத் தெய்வத்தின் நோய் என வழங்கிப் பத்தினித் தெய்வத்தை வழிபட்டனர். மொழியும் வழிபாடும் வேறுபட்ட போதிலும், குழந்தையின் மேனியில் எழுந்த முத்துக்களைக் கண்டவிடத்து எல்லோரும் ஒரே முடிவுக்கே வந்தனர்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லிலே தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அந்த வழக்கத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். வேப்பிலை ஓர் அறிவித்தற் பலகை. அது தொங்கும் வீட்டிற்கு அயலார் வருவதில்லை. அவ்வீட்டார் பிறர் வீட்டு விசேடங்களுக்குச் செல்வதில்லை. நோயாளிக்குத் தனியிடம், அமைதி, நீராகாரம். கிருமி என்ற சொல்லையே அறியாத காலத்தில், தொற்றுநோய் வைத்தியசாலை செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியை ஒரு வேப்பங்கொத்துச் செய்தது. மேலும், வைசூரி எனப்படும் பெரியம்மை உலகில் நிலவிய காலம் முழுவதும் அதனைக் குணப்படுத்தவல்ல மருந்து எதுவும் வைத்தியர் கையில் இருக்கவில்லை. ஆகவே 'மருந்து கொடாதே' என்ற விதியினால் வைசூரி கண்ட குழந்தை இழந்தது மிகச் சொற்பமே.

இழப்பு நேர்ந்தது வேறிடத்தில். வைசூரிக்கென அமைந்த அந்த விதியைச் சின்னமுத்துக்கும் மக்கள் பொருத்தினார்கள். சின்னமுத்துக் கண்ட குழந்தைக்கு நியூமோனியா வரலாம், வயிற்றோட்டம் வரலாம், போசாக்குக் குறைந்த குழந்தையாயின் கண்பார்வையும் கெடலாம். இவற்றிற்கெல்லாம் சிகிச்சை உண்டான பின்னரும், அம்மாள் கோபிப்பாள் என்று அஞ்சிக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாத வீடுகள் பல இருந்தன. பிறந்த காரணம் மறைந்த பின்னரும் ஒரு வழக்கம் உயிரோடிருந்து தீங்கு செய்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது.

வைசூரியைத் தடுக்கும் உபாயம் இலங்கைக்கு வந்த கதை சுவையானது. எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1796ஆம் ஆண்டில் பசுவம்மையின் பாலைக் கொண்டு ஒரு சிறுவனுக்கு அம்மை குத்தினார். அந்தப் பால் வியன்னா, கொன்ஸ்தாந்திநோப்பிள், பக்தாத், பாஸ்ரா வழியாக 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயை அடைந்தது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் அது பற்றியது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. குளிர்பெட்டி இல்லாத காலம்; குழந்தைகளின் கைகளே அதனைச் சுமந்து வந்தன. ஒரு குழந்தையின் கையில் எட்டாம் நாள் எழும் கொப்புளத்து நீரை அடுத்த குழந்தையின் கையிற் கீறி ஏற்றுவர், அதிலிருந்து மற்றொன்றிற்கு. அச்சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் யாவும் வீணாகும். அக்காலத்தில் இலங்கையில் இராணுவ மருத்துவப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி, அம்மைப்பால் வருமுன் இத்தீவில் வைசூரி விளைத்த அழிவைப் பற்றி 1811ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்.

தாய்மார் இதற்கு அஞ்சினர். ஒருவர் பிள்ளையின் சீழை இன்னொருவர் பிள்ளைக்கு ஏற்றுவதா என்ற அருவருப்பும், அம்மாளை எதிர்ப்பதா என்ற அச்சமும், கத்தியோடு வரும் அரசாங்க ஊழியன் மேலிருந்த ஐயமும் ஒருங்கே நின்றன. முதலாவது அச்சத்திற்கு நியாயமும் இருந்தது. கைக்குக் கை மாற்றும் முறையில் பிற நோய்களும் தொற்றுவதுண்டு என்பதை ஐரோப்பிய வைத்தியரே கண்டனர். இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை விலக்கிற்று. 1885ஆம் ஆண்டில் அந்நாட்டின் லெஸ்டர் நகரிலே கட்டாய அம்மை குத்தலை எதிர்த்துப் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். அவர்களை யாரும் வேப்பிலை கட்டியவர் என்று இகழ்ந்ததாகத் தெரியவில்லை! இலங்கையில் 1886ஆம் ஆண்டில் அம்மை குத்துதல் சட்டமாயிற்று. பின்னாளில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்திய பின்னரே கப்பலேறினர். இலங்கையில் வைசூரி இறுதியாகக் காணப்பட்டது 1972ஆம் ஆண்டில்; உலகை விட்டே அது ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது.

குழந்தையைப் பற்றிய மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு பெயர் பெற்றவையல்ல. எனினும் சில இதனினும் கொடியவை. பிறந்து ஏழெட்டு நாட்களில் ஒரு குழந்தை பால் குடிக்க வாய் திறவாது, உடல் வில்லாய் வளைந்து இறக்குமானால், அது கிரகதோஷம் எனப்பட்டது. தாயத்துக் கட்டினர், மந்திரித்தனர். உண்மையில் அது ஏற்புவலி. கழுவாத கத்தியும், தொப்புளில் அப்பிய சாம்பலும் சாணமும் அதற்கு வழி திறந்தன. தோஷம் என்று பெயர் வைத்துவிட்டமையால் கத்தியைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை. பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பாலெனப் பிழிந்து ஊற்றியதும் அவ்வாறே. குழந்தைக்கு இயற்கை அளிக்கும் முதல் நோய்த்தடை அதிலேதான் உள்ளது.

பல் முளைக்கும் காலத்திற் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இயல்பு என்பது இன்னொன்று. இதிலே மேனாட்டார் நம்மவர்க்குப் பின்னிற்கவில்லை. 1839ஆம் ஆண்டின் இங்கிலாந்து மரணப் பதிவுகளில் 5,000க்கு மேற்பட்ட இறப்புகளுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்றே எழுதப்பட்டது. அங்கே வைத்தியர் முரசைக் கீறினர். பாதரசம் கலந்த பற்பொடிகள் குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டன. அந்த நஞ்சு அப்பொடிகளிலிருந்து நீங்கியது 1954ஆம் ஆண்டளவிலேதான். ஆறாம் மாதத்திலே பல் தோன்றுகிறது. அதே காலத்திலே தாயிடமிருந்து பெற்ற நோய்த்தடை குறைகிறது. குழந்தை தவழ்ந்து கண்டதை வாயில் வைக்கிறது. பழி முழுவதும் பல்லின்மேல் விழுகிறது! வயிற்றோட்டத்தால் உடல் வற்றும் குழந்தைக்கு வேண்டியது நீர். 'ஜீவனி' என்ற பெயரில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடி வழங்கப்பட்ட பின்னர் இலங்கைத் தாய்மார் பலர் இதனைக் கைக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் சட்டம் மாற்றிவிடவில்லை. கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. 1896ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பிலேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். மாதர் சங்கங்களை அமைத்தார். எனினும் பெரும் பங்கு பெயர் அறியப்படாத மருத்துவமாதருடையது. அவர்கள் வீட்டுக்கு வீடு சென்றார்கள். பாட்டியோடு வாதாடாமல் கத்தியைக் கொதிநீரில் இட்டார்கள். வேப்பிலையை அகற்றச் சொல்லவில்லை. குழந்தையை ஆஸ்பத்திரியிற் காட்டச் சொன்னார்கள். மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935இல், இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946இல் அத்தொகை 141. இன்று பத்துக்கும் குறைவு. இடையிலே 1949இல் காசநோய்த் தடுப்பூசியும், 1961இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றைத் தடுக்கும் முக்கூட்டு ஊசியும், 1969இல் கர்ப்பிணிகளுக்கான ஏற்பூசியும் வந்தன.

சின்னமுத்துக்கான தடுப்பூசி 1984ஆம் ஆண்டில் வந்தது. 2019இல் அந்நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டில் அது மீண்டும் தோன்றியது, கொழும்பும் தப்பவில்லை. ஊசி பெறும் வயதாகிய ஒன்பது மாதத்தை எட்டாத சிசுக்களும், ஏதோ காரணத்தால் ஊசி பெறாதோரும் அதிற் சிக்கினர். அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்தில், நோய் மிகுந்த ஒன்பது மாவட்டங்களில், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் தடுப்பூசி ஏற்றத் தாய்மார் சிகிச்சை நிலையங்களுக்கு அழைக்கப்பட்டார்கள்.