குடல் நரம்பும் நைலான் இழையும்

இசைக்கருவி ஒன்றைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மரத்தையும் வடிவத்தையும் செய்தவரின் கைத்திறத்தையுமே பாராட்டுவர். எனினும் முதலில் அதிர்வது மரமன்று. அதன்மீது இழுத்துக் கட்டப்பெற்ற நரம்பே ஆகும். மரம் அவ்வதிர்வை வாங்கிப் பெருக்கித் தருகிறது. நரம்பு மாறினால் கருவியின் குரலும் மாறும். இவ்வுண்மைக்கு ஒரு தெளிவான சான்றாக விளங்குவது, ஹவாய்த் தீவுகளின் சிறு கருவியாகிய உக்குலேலே. நான்கே நரம்புகளைக் கொண்ட அக்கருவியில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் குறைவான காலத்தில், ஆட்டுக்குடல், நைலான், புளோரோகார்பன், செயற்கைக் குடல் என நால்வகைப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. இன்று அதனை வாசிக்கப் புகுவோர் எந்த நரம்பைத் தேர்வது என்று மயங்குகின்றனர். அம்மயக்கம் தீர வேண்டுமாயின், ஒவ்வொரு நரம்பும் எப்படி வந்தது, எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதை வரலாற்றில் தேட வேண்டும்.

கருவியில் கட்டிய தந்தியை நரம்பு என்று வழங்குவது தமிழ் மரபு. சங்க நூல்கள் யாழின் தந்தியை அச்சொல்லாலேயே குறிக்கின்றன. ஆகவே எப்பொருளால் ஆயினும் அதனை நரம்பு என்பது ஈண்டுப் பொருந்தும்.

மதேராவிலிருந்து வந்த கப்பல்

1879 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தது. போர்த்துகலுக்கு உரிய மதேராத் தீவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு திங்கள் கடலில் கழித்த 400-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்காக அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்களுள் மனுவெல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூவர் மரவேலைத் தச்சர்கள். ஒப்பந்தப் பணிக்குப் பின்னர் அவர்கள் ஹொனலுலு நகரில் பட்டறை அமைத்து, தம் ஊர்க் கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினர். ‘கோவா’ என்னும் உள்ளூர் மரமே அவர்களுக்கு உதவியது.

மதேராவில் இரு கருவிகள் வழக்கில் இருந்தன. ஒன்று, ‘மசேட்’ என்னும் நான்கு நரம்புச் சிறு கருவி. மற்றொன்று, ‘ரஜாவ்’ என்னும் ஐந்து நரம்புக் கருவி. மசேட்டிலிருந்து உடலையும், ரஜாவின் நரம்புகளுள் நான்கிலிருந்து சுருதி முறையையும் பெற்றுப் பிறந்ததே உக்குலேலே என்பர். அம்முறை ஜி, சி, ஈ, ஏ என அமைந்தது. சி-யை ச எனக் கொண்டால் ப, ச, க, த ஆகும். பழந்தமிழ்ப் பெயரால் கூறின் இளி, குரல், கைக்கிளை, விளரி என்க. இதில் ஒரு புதுமை உண்டு. வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் உள்ள நான்காம் நரம்பே மிகத் தாழ்ந்த ஒலி தரும் என்று எதிர்பார்ப்போம். அஃது அவ்வாறன்று. மூன்றாம் நரம்பைவிட உயர்ந்த ஒலியையே அது தருகிறது. ஏறுவரிசையில் செல்லாது மீண்டு வரும் இவ்வமைப்பே உக்குலேலேயின் தனிக்குரலுக்கு அடிப்படை.

ஹவாய் மன்னர் கலாக்காவா இக்கருவியை விரும்பி ஆதரித்தார். அரண்மனை விருந்துகளிலும் ஹுலா நடனத்திலும் அது இடம்பெற்றது. அயலார் கொணர்ந்த கருவி ஒரு தலைமுறைக்குள் அம்மக்களின் சொந்தக் கருவியாயிற்று. பெயரும் அவர்கள் மொழியிலேயே அமைந்தது. ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்பது அப்பெயருக்குப் பலரும் கூறும் பொருள். ‘இங்கு வந்த கொடை’ என்று பொருள் கூறினார் அரசி லிலியுவோக்கலானி.

குடல் நரம்பின் காலம்

தொடக்கத்தில் உக்குலேலேயில் கட்டப்பெற்றவை ஆட்டுக்குடலால் ஆன நரம்புகள். ஆங்கிலத்தில் அதற்குப் பூனைக் குடல் என்னும் பொருள்படும் ஒரு பெயர் வழங்கினும், பூனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. செம்மறியாட்டின் சிறுகுடலைக் கழுவிச் சுரண்டி, கீற்றுகளாக்கி, ஈரத்துடன் முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தி, மெருகேற்றி எடுப்பர். வயலின், கித்தார் முதலிய ஐரோப்பியக் கருவிகள் பலவும் பல நூற்றாண்டுகள் இந்நரம்பையே நம்பி வாழ்ந்தன.

குடல் நரம்பின் குரல் இனியது. தெளிவும் கனிவும் ஒருங்கே கொண்டது. ஆயின் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும்; இரண்டிலும் சுருதி கலையும். நாளடைவில் இழை பிரிந்து அறுந்துபோகும். கடலால் சூழப்பெற்ற தீவுகளில் இத்தொல்லை எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் வேறு வழியின்மையின் அதையே ஏற்றனர்.

இக்காலத்தில்தான் ஹவாய் மக்களின் வாழ்வில் பேரிழப்புகள் நேர்ந்தன. 1893 இல் அவர்தம் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 இல் இயற்றப்பட்ட சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியது. ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. 1898 இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1978 இல்தான் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக மீண்டும் ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அம்மொழியின் சொல் ஒன்று மட்டும் உலகெங்கும் உலவியது. அச்சொல் உக்குலேலே. 1915 இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில், ஹவாய்க் கூடத்தின் இசையைக் கேட்டவர்கள் இக்கருவியின்மேல் மோகம் கொண்டனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் அதனை விற்பனைக்குச் செய்யலாயிற்று. ஹொனலுலுவில் சாமுவேல் கமாக்கா தம் தொழிலைத் தொடங்கியதும் 1916 ஆம் ஆண்டை ஒட்டியே ஆகும்.

போரும் நைலானும்

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1935 இல் நைலானை உருவாக்கினர். 1938 இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்ற அது, 1940 இல் பெண்டிர் அணியும் காலுறையாகக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அது பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் சென்றது. அதே போரில், காயங்களைத் தைப்பதற்கான நூலாகக் குடல் மிகுதியும் தேவைப்பட்டது. ஆகவே இசைவாணர்க்குக் குடல் நரம்பு அரிதாயிற்று.

கித்தார் மேதை ஆண்ட்ரெஸ் செகோவியா அப்பஞ்சத்தால் இடர்ப்பட்டார். நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவித் தச்சர் நைலான் இழையைக் கித்தார் நரம்பாக்க முயன்று, 1940-களின் இறுதியில் வெற்றி கண்டார். செகோவியா அதனை ஏற்றார். மேதை ஏற்றதை உலகம் ஏற்றது. 1949 இல் மாரியோ மக்காபெரி என்பார் ‘ஐலண்டர்’ என்னும் பிளாஸ்டிக் உக்குலேலேயை வெளியிட்டார். நைலான் நரம்புடன் வந்த அம்மலிவான கருவி இலட்சக்கணக்கில் விற்றது. அதன்பின் குடல் நரம்பை உக்குலேலேயில் காண்பது அரிதாயிற்று.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். நைலான் குடலைவிட இனியது என்று எவரும் முதலில் கூறவில்லை. குடல் கிட்டவில்லை, நைலான் கிட்டியது. அறாமையும் மலிவும் அதன் சிறப்புகள். நாளடைவில் அதன் மென்மையான ஒலியே உக்குலேலேயின் இயல்பான ஒலி என்று செவி பழகிவிட்டது. மரபு என்று ஒரு தலைமுறை போற்றுவது, முன் தலைமுறையின் தட்டுப்பாட்டில் பிறந்ததாகவும் இருக்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தடிமனும் எடையும்

பிற்காலத்து நரம்புகளை அறிய ஒரு சிறு கணக்கு உதவும். நரம்பின் ஒலி அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றைப் பொறுத்தது என்பதை 1636 இல் வெளிவந்த நூலில் மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். நீளமும் இழுவிசையும் மாறாதிருக்க அதே ஒலி வேண்டுமாயின், நரம்பின் எடையும் மாறாதிருத்தல் வேண்டும். எனவே அடர்த்தி மிக்க பொருளால் ஆன நரம்பு மெல்லியதாக இருக்கும்.

நைலானின் அடர்த்தி நீரைப்போல் 1.14 மடங்கு, குடலினது ஏறத்தாழ 1.3 மடங்கு, புளோரோகார்பனுடையது 1.78 மடங்கு. ஒரு நைலான் நரம்பின் தடிமன் 100 எனின், அதே வேலையைச் செய்யும் குடல் நரம்பு 94 ஆகவும், புளோரோகார்பன் நரம்பு 80 ஆகவும் அமையும். மெல்லிய நரம்பு எளிதில் வளைந்து அதிரும். ஆகவே ஒலி பளிச்சென்று நெடிது நிற்கும். தடித்த நரம்பின் ஒலி மென்மையாகித் தணியும்.

புளோரோகார்பன் இசைக்காகப் பிறந்ததன்று. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியர் அதனைத் தூண்டில் இழையாகக் கொணர்ந்தனர். மக்கள் தங்கூசி என வழங்கும் நைலான் தூண்டில் இழையைவிட அது நீருக்குள் கண்ணுக்குத் தெரிவது குறைவு. நீரை உறிஞ்சுவதும் இல்லை. மீனுக்குத் தெரியக்கூடாது என்று செய்த இழை, ஈரத்தால் சுருதி கலையாத நரம்பாகவும் பயன்பட்டது. பின்னர் இத்தாலியில் மிம்மோ பெருபோ என்பார் பழைய குடல் நரம்பின் இயல்புகளை ஆராய்ந்து, அதன் அடர்த்தியை ஒத்த ஒரு செயற்கை நரம்பை 1990-களில் உருவாக்கினார். ‘நைல்கட்’ என்பது அதன் பெயர். இழந்த குரலைத் தேடிச் சென்ற முயற்சி எனலாம்.

எஃகுத் தந்தியைக் கட்டலாகாதா என்று சிலர் வினவுவர். சிறிய உக்குலேலேயின் நான்கு நரம்புகளும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 இராத்தல் அளவே. எஃகுத் தந்தி பூட்டிய கித்தாரிலோ அவ்விழுவிசை 150 இராத்தலையும் கடக்கும். மென்மையான இழுப்புக்கென மெல்லிய பலகையால் செய்த கருவியில் எஃகைக் கட்டினால், நரம்பைத் தாங்கும் பாலம் பெயரவும் பலகை வளையவும் கூடும்.

நான்காம் நரம்பு

பொருளைத் தேர்வதைவிட முதன்மையான தேர்வு ஒன்றுண்டு. அது நான்காம் நரம்பைப் பற்றியது. மரபுவழி அது உயர்ந்த ஜி ஒலியைத் தரும். ஒரு தாயி இறக்கித் தாழ்ந்த ஜி ஆக அமைப்போரும் உளர். அங்ஙனம் செய்யின், கருவியின் எல்லை கீழ்நோக்கி விரியும். தாழ்ந்த சுரங்கள் வரும் மெட்டுகளைத் தடையின்றி வாசிக்கலாம். ஒரே பொருளில், ஒரே இழுவிசையில், ஒரு தாயி இறங்க நரம்பின் தடிமன் இருமடங்காக வேண்டும். அத்தகைய நைலான் நரம்பு மந்தமாக ஒலிக்கும். ஆதலின், நைலான் இழைகளின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றிய நரம்பைப் பலர் கட்டுவர். அதன்மேல் விரல் நகரும்போது உரசல் ஓசை எழும். அதனை விரும்பாதோர் புளோரோகார்பனை நாடுவர்.

தாழ்ந்த ஜி ஹவாய்க்குப் பகை என்று கூறுதல் பிழை. ஹவாயின் பெருங்கலைஞர்களுள் ஒருவரான ஹெர்ப் ஓட்டா அதையே கைக்கொண்டு, தனி மெட்டு வாசிப்பில் புகழ் பெற்றார். எனினும் அதனால் இழப்பதையும் அறிதல் வேண்டும். உயர்ந்த ஜி இருக்கும்போது நான்கு நரம்புகளும் ஒரு தாயிக்குள் நெருங்கி நிற்கின்றன. கையை மேலிருந்து கீழாக வீசினும் கீழிருந்து மேலாக வீசினும் ஒலி உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடிகிறது. ஹுலாவின் அடிக்கு இசைந்த அந்தத் துள்ளல் இவ்வமைப்பின் கொடை. நான்காம் நரம்பை இறக்கினால் துள்ளல் குறைந்து, சிறு கித்தாரின் சாயல் வந்துவிடும்.

தேர்வுக்கு வழி

ஆகவே தேர்பவர் முதலில் கேட்க வேண்டிய வினா எது சிறந்தது என்பதன்று, எதற்காக என்பதே. பாடலுக்குப் பக்க இசையும் பழைய ஹவாயின் துள்ளலும் வேண்டுவோர்க்கு உயர்ந்த நான்காம் நரம்பு. மெட்டின் விரிவு வேண்டுவோர்க்குத் தாழ்ந்தது. அதன்பின் கருவியைக் கேட்க வேண்டும். ஒலி மந்தமாயிருப்பின் புளோரோகார்பன் அதனை விளக்கும். ஒலி கூர்மையாகச் செவியைக் குத்துமாயின் நைலான் அதனைத் தணிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதை நாடுவோர்க்குச் செயற்கைக் குடல் உண்டு. கருவியின் அளவுக்கென வகுத்த நரம்பையே வாங்குதல் வேண்டும். புதிய நரம்பு சில நாள் நீண்டுகொண்டேயிருக்கும். நைலானில் இது மிகுதி. அதற்குள் நரம்பு கெட்டது என்று கழற்றி எறிவோர் பலர். பொறுத்திருந்து சுருதி கூட்டினால் அது நிலைபெறும்.

ஆட்டுக்குடல் போயிற்று, நைலான் வந்தது, தூண்டில் இழையும் வந்தது. ஒவ்வொரு முறையும் பொருள் மாறியது. ஜி, சி, ஈ, ஏ என்னும் முறையும், ஹவாய் மொழியின் பெயரும் மாறவில்லை. தோட்டத்து உழைப்பாளிகளின் கப்பலில் வந்த கருவி, அரசும் பள்ளியும் இழந்த ஒரு மக்களின் சொல்லைச் சுமந்து உலகை வலம் வந்தது. மரபைக் காப்போர் எப்பொருளை மாற்றலாம், எம்முறையை மாற்றலாகாது என்று பிரித்தறிதல் வேண்டும். முறையையே மாற்றத் துணியும்போது, கைவிடுவது எது என்று தெரிந்து கைவிட வேண்டும். நான்கு நரம்புகளுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, மொழிக்கும் கலைக்கும் பொருந்துவதே.