வேல்ஸ் நாட்டு உழவர் மனைகள்: கட்டமைப்பும் பிற்கால மாற்றங்களும்

பழங்கட்டடம் ஒன்றைக் காண்போர் முதலில் வினவுவது அதன் ஆண்டினையே. கோயிலுக்கும் கோட்டைக்கும் இவ்வினாவிற்கு ஒருவாறு விடை கூறிவிடலாம். உழவர் மனைக்குக் கூறுதல் எளிதன்று. பாட்டன் எழுப்பிய மண்சுவரைத் தந்தை கல்லால் மாற்றுகிறான். மகன் அதன்மேல் பரண் அமைக்கிறான். இத்தகைய மனையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவ நேரும்போது எந்தத் தலைமுறையின் வீட்டை நிறுவுவது என்னும் சிக்கல் எழுகிறது. வேல்ஸ் நாட்டின் மூன்று உழவர் மனைகளைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை நோக்குகிறது.

கார்டிஃப் நகரையடுத்த செயின்ட் ஃபேகன்ஸில் 1948ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. ஸ்டாக்ஹோம் நகரில் 1891இல் தோன்றிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடியாகும். செயின்ட் ஃபேகன்ஸின் முதல் காப்பாளரான யோர்வெர்த் பீட் (1901-1982) கவிஞர். வேல்ஸ் மொழிப் பற்றாளர். வேல்ஸ் வீட்டைப் பற்றி அவர் 1940இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. மொழியும் மனையும் ஒரே பண்பாட்டின் இரு வெளிப்பாடுகள் என்பது அவர் கொள்கை.

முதலாவது மனை, வடகிழக்கு வேல்ஸின் டென்பிஷயர்ப் பகுதியைச் சார்ந்த ஹென்ட்ரெர் அவித் இகாவ். இதன் மரங்கள் 1508ஆம் ஆண்டினைச் சார்ந்தவை. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி முகட்டில் இணைப்பர். அடியிலிருந்து முகடு வரை ஒரே மரமாகச் செல்லும் இவ்விணையே தூணாகவும் கைமரமாகவும் பணியாற்றுகிறது. கூரையின் சுமை நேரே தரைக்கு இறங்குவதால் சுவருக்குச் சுமை இல்லை. சட்டங்களுக்கு இடையே வரிச்சுப் பின்னி மண் பூசினால் போதும். இத்தகைய இணைகள் வீட்டை ஐந்து அங்கணங்களாகப் பகுக்கின்றன. மேற்புறத்தவை மாந்தர்க்கு, கீழ்ப்புற இரண்டும் கால்நடைகளுக்கு. கூடத்தின் தரையில் அடுப்பு; புகைபோக்கி இல்லை; வைக்கோற் கூரையின் வழியே புகை தானே கசிந்து வெளியேறும். சாளரங்களில் கண்ணாடியும் இல்லை.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வேல்ஸ் நாட்டின் கூடவீடுகள் பலவற்றில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. கல்லால் புகைபோக்கி எழுப்பப்பட்டது. புகை கட்டுப்பட்டதும் முகடு வரை திறந்திருந்த கூடத்தை இரண்டாகப் பகுத்து மேல்தளம் அமைக்க இயன்றது. மேல்தளம் வந்ததும் படிக்கட்டும் தனி உறங்கறையும் வந்தன. ஒரே நெருப்பைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பம் அறைகளில் பிரிந்து வாழத் தொடங்கியதற்கு இம்மாற்றமே சான்று. ஏட்டில் எழுதப்படாத இச்செய்தியை இல்லங்களின் மரச்சட்டங்களிலேயே படிக்க வேண்டியுள்ளது. புகைக்கரி படிந்த பழைய கைமரங்கள் மேல்தளத்திற்கு மேலே மறைந்து கிடப்பதைக் கொண்டே, ஒரு வீடு முன்பு திறந்த கூடமாக இருந்தது என ஆய்வாளர் முடிவு செய்வர்.

ஹென்ட்ரெர் அவித் 1954இல் பிரிக்கப்பட்டு, 1962இல் செயின்ட் ஃபேகன்ஸில் திறக்கப்பெற்றது. அங்கு அது தன் தொடக்கக்கால வடிவிலேயே நிற்கிறது. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட பிற்கால வாழ்வுக்கு அதில் இடமில்லை.

இரண்டாவது மனையாகிய கிலெவென்ட்டில் வேறு முடிவு எடுக்கப்பட்டது. நடு வேல்ஸில் ரயாடரை அடுத்த கிளயர்வென் பள்ளத்தாக்கில் பதினைந்தாம் நூற்றாண்டில் மரச்சட்ட வீடாகத் தோன்றிய இது, 1734இல் கல்வீடாக மாற்றிக் கட்டப்பெற்றது. 1959இல் இது திறக்கப்பெற்றபோது கல்வீடாகவே நிறுவப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தட்டுமுட்டுகளே உள்ளே வைக்கப்பட்டன. இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுவர் மாறியதே தவிர வீட்டின் அமைப்பு மாறவில்லை. மாந்தரும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழும் 'டீ ஹிர்', அதாவது நெடுமனை அமைப்பு, 1734க்குப் பின்னரும் தொடர்ந்தது. வேல்ஸ் மொழியில் மாட்டுத் தொழுவத்தைக் குறிக்கும் 'பெய்டி' என்னும் சொல்லிலும் வீட்டைக் குறிக்கும் 'டீ' அடங்கியிருத்தல் காண்க. அது மாட்டுக்குரிய வீடு. நெடுமனை வேல்ஸ் முழுவதற்கும் பொதுவான மூலவடிவம் என்ற கருத்தைப் பீட்டர் ஸ்மித் போன்ற பிற்கால ஆய்வாளர் ஏற்கவில்லை. அவ்விவாதம் ஒருபுறமிருக்க, எதை மாற்றினர் என்பதைவிட எதை மாற்ற மறுத்தனர் என்பதைக் கிலெவென்ட் காட்டுகிறது. பழைய மரவடிவிற்கு அதனை 'மீட்டிருந்தால்' இச்சான்று அழிந்திருக்கும்.

மூன்றாவது, தென்வேல்ஸின் கோவர் தீபகற்பத்திலிருந்து வந்த கெனிக்ஸ்டன். 1610இல் கீழே ஓர் இருப்பறையும் மேலே ஓர் உறங்கறையுமாகத் தொடங்கிய இவ்வீடு, 1680, 1750 ஆகிய ஆண்டுகளை ஒட்டி இருமுறை விரிவாக்கப்பெற்றது. உழவர் குடும்பத்தின் செல்வம் வளர்ந்தவாறே வீடும் வளர்ந்தது. தீய ஆவிகள் அணுகாதிருக்கப் பூசிய செந்நிறமே இன்றும் இதன் புறச்சுவர்களில் உள்ளது. அருங்காட்சியகம் 1790ஆம் ஆண்டளவினதாக இதனைக் காட்டுவதால் மூன்று கட்டங்களும் ஒருங்கே நிற்கின்றன.

மிகப் பழைய வடிவமே மெய்யான வடிவம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியது; சுவடிப் பதிப்பிலும் இதனைக் காண்கிறோம். சுவடியில் பிற்காலத்தார் சேர்த்ததை இடைச்செருகல் என விலக்க நியாயம் உண்டு. வீட்டின் நிலை வேறு. 1508இல் கட்டியவனுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, புகைபோக்கி எழுப்பியவனுக்கும் அவ்வளவு உரிமை உண்டு. ஹென்ட்ரெர் அவித் கட்டடக்கலை மாணவர்க்குச் சிறந்த பாடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடும்ப வரலாற்றை அறிய விரும்புவோர் கிலெவென்ட்டுக்கும் கெனிக்ஸ்டனுக்கும்தான் செல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அருங்காட்சியகமும் பின்னர் இத்திசையில் நகர்ந்தது. மெர்தர் டிட்ஃபில் நகரின் இரும்பாலைத் தொழிலாளர்க்குரிய ரிட்-அ-கார் வரிசை வீடுகள் 1987இல் அங்குத் திறக்கப்பெற்றன. ஒரே அளவினவாகக் கட்டப்பெற்ற ஆறு வீடுகளும் 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என ஆறு வெவ்வேறு ஆண்டுகளின் நிலையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.