கழுத்தில் தொங்கும் பெயர்

வரலாற்றுத் தொடர் – 14

துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது என்று சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பயப்பட வேண்டாம், யாரும் சாகவில்லை.

1989 பிப்ரவரி 5. பெய்ஜிங் தேசியக் கலைக்கூடம். ஷியாவ் லூ என்ற இளம்பெண் சுட்டது தன்னுடைய படைப்பையேதான். இரண்டு தொலைபேசிக் கூண்டுகள். உள்ளே முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நடுவில் ஒரு கண்ணாடி, அதன் முன்னால் தொங்கும் ரிசீவர். அது தன் சொந்த வாழ்க்கையின் வலி என்று பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அரசாங்கம் அப்படிப் படிக்கவில்லை. அன்றே கண்காட்சியை மூடினார்கள். நாலு மாதத்தில் தியானன்மென்னில் நிஜத் துப்பாக்கிகள் வெடித்ததும், முதல் குண்டு கலைக்கூடத்தில் வெடித்ததுதான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அந்தக் கண்காட்சியின் சின்னம் எது தெரியுமா? ‘யு டர்ன் கிடையாது’ என்ற சாலைப் பலகை. பெங்களூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள் தினமும் பார்க்கிற அதே பலகை.

சுடுவதால் அரசுக்கு எரிச்சல் வரும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: பட்டியல்.

2008 மே 12-ல் சிச்சுவான் பூகம்பம். பக்கத்துக் கட்டடங்கள் நிற்க, பள்ளிக்கூடங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ‘டோஃபு சக்கைக் கட்டடம்’ என்று பெற்றவர்கள் திட்டினார்கள். செத்த பிள்ளைகள் யார் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அய் வெய்வெய் என்ற கலைஞர் தொண்டர்களை வீடு வீடாக அனுப்பினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. அவற்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். படம் இல்லை, வண்ணம் இல்லை, வெறும் கறுப்பு எழுத்து. 2009-ல் அவருடைய இணையப் பக்கம் முடக்கப்பட்டது. அதே வருஷம் மியூனிக்கில் ஓர் அருங்காட்சியகத்தின் முகப்பு முழுக்க 9,000 பள்ளிப் பைகளை மாட்டினார். 2011 ஏப்ரலில் பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்து 81 நாள் உள்ளே வைத்தார்கள். வரி ஏய்ப்பு என்றார்கள்.

அடுத்த ஆள் லீ லியாவ். இவர் பிள்ளைப்பூச்சி மாதிரி, கத்தவே மாட்டார். 2012-ல் ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து 45 நாள் வேலை பார்த்தார். அந்தக் கூலியில் அங்கே தயாராகும் ஐபேட் மினி ஒன்றை வாங்கினார். ஐபேட், போட்டிருந்த யூனிபார்ம், ஐடி கார்டு, வேலை ஒப்பந்தம், எல்லாவற்றையும் கண்காட்சியில் வைத்தார். தலைப்பு: ‘நுகர்வு’. அவ்வளவுதான் படைப்பு. நான் படித்த மட்டில் இதைவிடச் சிக்கனமான எதிர்ப்பு வேறில்லை.

அந்தக் கம்பெனியின் இன்னொரு கிளை நம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில் அங்கே வேலை செய்த பெண்களின் விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட இருந்தவளைக் காணோம், உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சிச்சுவான் பெற்றோரின் கேள்விக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இனி அதே வட்டாரத்தில் இருக்கும் எச்சூருக்கு வருவோம்.

2024 செப்டம்பர் 9. சாம்சங் ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஃபிரிட்ஜும் வாஷிங்மெஷினும் செய்யும் ஆலை. சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேல் வெளியே. பலர் வேலைக்குப் போட்டுவரும் நீலச் சட்டையிலேயே வந்திருந்தார்கள். லீ லியாவ் கண்ணாடிக்குள் வைத்ததை இவர்கள் உடம்பில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். கலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சம்பளம், வேலை நேரம் என்று கோரிக்கைகள் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்தது வேறிடத்தில். சங்கத்தின் பெயர் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’. அந்த முதல் சொல் எங்கள் வணிக முத்திரை, அதைச் சங்கம் எடுத்துக்கொள்ள முடியாது என்றது கம்பெனி. சங்கத்தைப் பதிவு செய்வதற்கான விண்ணப்பம் அரசின் மேசையில் கிடந்தது.

இத்தனைக்கும் அந்தப் பதிவுச் சட்டத்துக்கு விதை விழுந்ததே சென்னையில்தான். 1918-ல் பின்னி மில் தொழிலாளர்களோடு வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கட்ட, கம்பெனி நீதிமன்றம் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய புழுதியில்தான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இதே வட்டாரத்தில் ஹூண்டாய் பெயரைத் தாங்கிய சங்கமும் ஏற்கெனவே இருந்தது. அப்படியிருக்க இப்போது மட்டும் என்ன? வாசலில் கம்பெனியே கழுத்தில் மாட்டிவிடுகிற பெயர்தானே அது!

அக்டோபரில் போலீஸ் பந்தலைப் பிரித்தது. வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். 37 நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. பெயர் வழக்கு முடியவில்லை. டிசம்பரில் உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆறு வாரம் கெடு கொடுத்தது.

2025 ஜனவரி 27. பதிவு வந்தது. முதல் சொல் உட்பட, பெயர் முழுசாக இருந்தது. இனிப்பு வழங்கி முடித்த கையோடு பிப்ரவரி முதல் வாரம் பிறந்தது. இந்த முறை தொழிலாளர்கள் வெளியே வரவில்லை. ஆலைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சங்க நிர்வாகிகள் மூன்று பேரின் கையில் ஆளுக்கொரு கடிதம் இருந்தது.

(தொடரும்)